ஆதிப் பாலூட்டிப் புதைபடிவங்களும் ஆய்வு உதவியாளர் பணியும்

டைனோசர்கள் வாழ்ந்த டிரையாசிக், ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலங்களிலேயே பாலூட்டிகளும் பாலூட்டிகளுக்கு மிக நெருங்கிய முன்னோடிகளும் வாழ்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை மூஞ்சூறு, எலி அளவே இருந்தன. அவற்றின் எச்சங்களை ஆராய்வது ஆதிப் பாலூட்டிப் புதைபடிவ ஆய்வு. இது தொல்லுயிரியலின் ஒரு கிளை. இந்தியாவில் இவ்வாய்வு 1970களின் இறுதியில் கோதாவரிப் பள்ளத்தாக்கில் வேர்கொண்டது. பின்னர் தக்காண எரிமலைப் படிவுகளுக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் பரவியது.

இந்தியாவில் கிடைத்த ஆதிப் பாலூட்டி எச்சங்களில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள தனிப் பற்கள். மூட்டை மூட்டையாக மண்ணைக் கழுவி, மிஞ்சும் துகள்களை நுண்ணோக்கியில் துழாவினால்தான் அவை கைக்கு வரும். இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்பவர் ஆய்வு உதவியாளர். பல்லுக்குப் பெயர் வைப்பவர் அறிஞர். ஆனால் அந்தப் பெயர் நிலைப்பது, பல் எந்த மண்ணிலிருந்து, எந்தச் சல்லடையிலிருந்து வந்தது என்ற பதிவைப் பொறுத்தது. இந்தியக் கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் இதற்குப் பல சான்றுகள் உள்ளன.

பல்லின் முக்கியத்துவம்

உயிருள்ள பாலூட்டியை முடியும் பாலும் கொண்டு அடையாளம் காணலாம். கல்லாகிப்போன பாலூட்டியை எலும்பும் பல்லும் கொண்டே அடையாளம் காண வேண்டும். பாலூட்டியின் கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்கு ஒரே எலும்புதான் உண்டு. ஊர்வனவற்றில் தாடை மூட்டாக இருக்கும் இரு எலும்புகள், பாலூட்டிகளில் நடுச்செவிக்குள் சென்று ஒலியைக் கடத்தும் சிற்றெலும்புகளாக மாறியுள்ளன. இந்த மாற்றம் பல கோடி ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

தாடையும் செவியெலும்பும் எளிதில் நொறுங்குபவை. பல்லின் மேலுள்ள எனாமல் உடலிலேயே கடினமான பொருள் என்பதால் அது நெடுங்காலம் தாங்கும். மேலும் பாலூட்டியின் மேல் கடைவாய்ப்பல்லும் கீழ்க் கடைவாய்ப்பல்லும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி அரைப்பவை. பல்லின் மேலுள்ள முகடுகள், பள்ளங்கள், தேய்வுத் தடங்கள் ஆகியவற்றைக் கொண்டு விலங்கின் உறவுமுறையையும் உணவையும் ஊகிக்க முடியும். எனவே ஒரே ஒரு பல்லைக் கொண்டு ஒரு புதிய பேரினத்துக்குப் பெயரிடுவது இத்துறையில் வழக்கமாக உள்ளது. இதுவே இத்துறையின் வலிமை. இதன் பலவீனமும் இங்கேயே தொடங்குகிறது.

மண்ணைக் கழுவிய முன்னோடிகள்

டைனோசர் காலத்துப் பாலூட்டிகள் குறித்த முதல் அறிவிப்பு 1824இல் வெளியானது. இங்கிலாந்தின் ஸ்டோன்ஸ்ஃபீல்டில் கிடைத்த சிறு தாடைகளை வில்லியம் பக்லாண்ட் அதில் குறிப்பிட்டார். மண்ணைக் கழுவித் தேடும் முறைக்கு முன்னோடி சார்ல்ஸ் மூர். அவர் 1850களில் சாமர்செட் பகுதியின் ஹோல்வெல் சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளிலிருந்து மூன்று டன் மண்ணை எடுத்துச் சென்று கழுவினார். மீன், ஊர்வன ஆகியவற்றின் எண்ணற்ற எச்சங்களுக்கு நடுவே பாலூட்டி வகையின் பற்கள் 29 மட்டுமே கிடைத்தன.

ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த வால்டர் கூனே அதே ஹோல்வெல்லில் மீண்டும் தேடினார். அவர் சேகரித்த பற்களை எஃப்.ஆர். பாரிங்டன் 1941இல் ‘இயோசோஸ்ட்ரோடான்’ என்ற பெயரில் விவரித்தார். வேல்ஸ் பகுதியில் கிடைத்த மற்றொரு பல்லுக்கு 1949இல் கூனே ‘மார்கனுகோடான் வாட்சோனி’ என்று பெயரிட்டார். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்விலங்கில் ஊர்வனவற்றின் தாடை மூட்டும் பாலூட்டியின் தாடை மூட்டும் அருகருகே இருந்தன.

இதை விரிவாக நிறுவியவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த கென்னத் கெர்மாக், ஃபிரான்சிஸ் மசெட் ஆகியோர். வேல்ஸ் குவாரிகளிலிருந்து கிடைத்த ஏராளமான உடைந்த துண்டுகளைப் பொருத்திப் பார்த்து மார்கனுகோடானின் தாடையையும் மண்டையோட்டையும் மீட்டமைத்தார்கள். சீனாவின் யுனான் பகுதியில் கிடைத்து, ஹெரால்ட் ரிக்னி 1963இல் விவரித்த மண்டையோடு இதற்குத் துணைநின்றது. தாடை பற்றிய ஆய்வு 1973இலும் மண்டையோடு பற்றிய ஆய்வு 1981இலும் கெர்மாக், மசெட், ரிக்னி ஆகிய மூவர் பெயரிலும் வெளிவந்தன.

லண்டனிலிருந்து கோதாவரிக்கு

இந்தியாவின் முதுகெலும்பிப் புதைபடிவ ஆய்வுக்கும் இதே லண்டன் கல்லூரிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் அங்கே பேராசிரியராக இருந்தவர். கெர்மாக்குடன் இணைந்து 1950இல் புள்ளியியல் கட்டுரை ஒன்றையும் எழுதியவர். 1957இல் அவர் கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். அதே காலத்தில், நிறுவனத்தை உருவாக்கிய பி.சி. மகலனோபிசின் அழைப்பின் பேரில் அக்கல்லூரியைச் சேர்ந்த தொல்லுயிரியலாளர் பமீலா ராபின்சனும் வந்து அங்கே நிலவியல் ஆய்வுப் பிரிவு உருவாக வழிகாட்டினார்.

ராபின்சன் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த பகுதி, பிராணஹிதா ஆறும் கோதாவரியும் சேரும் பள்ளத்தாக்கு. எஸ்.எல். ஜெயின், தபன் ராய் சௌத்ரி, டி.எஸ். குட்டி, சங்கர் சாட்டர்ஜி முதலியோர் அடங்கிய தலைமுறை அங்கே களப்பணியில் பயிற்சி பெற்றது. அவர்கள் தோண்டியெடுத்த பெரும் டைனோசருக்கு 1975இல் ‘பாராபாசாரஸ் தாகூரி’ என்று பெயரிடப்பட்டது. ‘பரா பா’ என்றால் பெரிய கால் என்று பொருள். சிற்றினப் பெயர் ரவீந்திரநாத் தாகூரைக் குறிப்பது.

கோட்டாவின் பற்கள்

பாராபாசாரஸ் கிடைத்த கோட்டா படிவத்தின் சேற்றுக்கல்லிலும் சுண்ணாம்பு அடுக்குகளிலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத வேறொரு உலகம் இருந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பி.எம். தத்தா, பி. யாதகிரி ஆகியோரும் உடன் பணியாற்றியவரும் இங்கே சிறுபாலூட்டி எச்சங்கள் இருப்பதை 1978இல் அறிவித்தார்கள். 1981இல் தத்தா இந்தியாவின் முதல் ஜுராசிக் பாலூட்டியை விவரித்து ‘கோட்டாதீரியம் ஹால்டேனி’ என்று பெயரிட்டார். ஹால்டேன் மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின் அவர் பெயர் கோதாவரிக் கரைப் பல் ஒன்றில் ஏறியது.

1984இல் யாதகிரி ‘இந்தோதீரியம்’, ‘திரிசூலோதீரியம்’ ஆகிய பேரினங்களை விவரித்தார். இப்பணியின் முக்கியக் களங்களில் ஒன்று, இன்றைய தெலங்கானாவில் உள்ள பைக்காசிகூடம் என்ற சிற்றூர். ஜி.வி.ஆர். பிரசாத், பி.கே. மன்ஹாஸ் ஆகியோர் பின்னர் இங்கிருந்து மேலும் சில பற்களை வெளியிட்டார்கள். அவற்றில் ‘பைக்காசிகூடோடான் யாதகிரி’ ஊரின் பெயரையும் யாதகிரியின் பெயரையும் சேர்த்துத் தாங்குகிறது. ‘கோண்ட்தீரியம் தத்தாய்’ தத்தாவின் பெயரைத் தாங்குகிறது. தபன் ராய் சௌத்ரியின் பெயர் மத்தியப் பிரதேசத்தின் டிரையாசிக் படிவத்திலிருந்து 1996இல் விவரிக்கப்பட்ட ‘கோண்ட்வானாடான் தபனி’யில் உள்ளது.

நஸ்கல் ஏரியின் மரமேறிகள்

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவியது. இரு பரவல்களுக்கு இடையே அமைதி நிலவிய காலங்களில் ஏரிகளும் குளங்களும் தோன்றின. அவற்றின் அடிமண் பின்னர் வந்த குழம்பால் மூடப்பட்டுப் பாதுகாக்கப்பட்டது. ஐதராபாத்துக்கு மேற்கே உள்ள நஸ்கல் அத்தகைய ஓரிடம்.

சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் அசோக் சாஹ்னியும் அவருடைய மாணவர் ஜி.வி.ஆர். பிரசாத்தும் இந்த மண்ணை ஆராய்ந்தார்கள். இந்தியாவின் முதல் கிரெட்டேசியஸ் பாலூட்டி பற்றிய அவர்களது கட்டுரை 1988இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. நாக்பூரில் வாழ்ந்து புதைபடிவங்களைச் சேகரித்த மதபோதகர் ஸ்டீஃபன் ஹிஸ்லாப்பின் நினைவாக விலங்குக்கு ‘டெக்கனோலெஸ்டெஸ் ஹிஸ்லோபி’ என்று பெயரிட்டார்கள்.

பின்னர் அதே கழுவல் எச்சத்திலிருந்து சிறு கணுக்கால் எலும்புகளும் கிடைத்தன. மரமேறும் விலங்குகளின் கணுக்காலைப் போல அவை திரும்பக்கூடியவை என்று 1994இல் மார்க் கொதினோவும் பிரசாத்தும் காட்டினார்கள். இந்தியத் துணைக்கண்டம் தென்கண்டங்களிலிருந்து பிரிந்து, ஆசியாவை இன்னும் முழுமையாக அடையாமல் கடல் சூழ்ந்திருந்த காலம் அது. அப்போது இங்கே மரமேறும் பாலூட்டிகள் இருந்தது, அவை எங்கிருந்து எப்படி வந்தன என்ற கேள்வியை எழுப்பியது. இன்றும் தொடரும் அந்த விவாதத்துக்கு அடிப்படை ஒரு சிறு குப்பியில் அடங்கும் பற்களும் எலும்புகளும்தான்.

உதவியாளரின் வேலை

ஆய்வு உதவியாளர் பணியிடம் பொதுவாக ஓர் ஆய்வுத் திட்டத்தோடு இணைந்தது. நிலவியல் அல்லது விலங்கியலில் முதுகலை முடித்தவர்கள் திட்ட உதவியாளராகவோ இளநிலை ஆய்வாளராகவோ சேர்வார்கள். பணி மூன்று இடங்களில் நடக்கிறது: களம், கழுவுமிடம், ஆய்வகம்.

களத்தில் முதல் வேலை அடுக்கைத் தேர்வு செய்வது. மீன் செதில், முதலைப் பல், ஆமை ஓட்டுத் துண்டு ஆகியவை மண்ணில் தென்பட்டால் அதே அடுக்கில் சிறுபாலூட்டி இருக்க வாய்ப்பு உண்டு. மேல்மண்ணை அகற்றிய பிறகே மாதிரி எடுக்க வேண்டும். பாறை வெடிப்புகளிலும் வளைகளிலும் இன்றைய எலி, மூஞ்சூறு எலும்புகள் விழுந்து கிடக்கும் என்பதால் இது தவிர்க்க முடியாத விதி. ஒவ்வொரு மூட்டையிலும் இடம், அடுக்கு, தேதி, மூட்டை எண் எழுதிய சீட்டு இருக்கும். வெளியே எழுதியது மழையில் அழிந்தாலும் உள்ளே இருக்கும் சீட்டு காக்கும்.

மண் வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகு ஊறவைக்கப்படும். இறுகிய களிமண்ணை மண்ணெண்ணெயில் ஊறவைத்து வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது பொலபொலவென்று உதிரும். சுண்ணாம்புப் பாறையாக இருந்தால் நீர்த்த அசெட்டிக் அமிலம் பயன்படும். உதிர்ந்த மண் ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கப்பட்ட சல்லடைகளில் கழுவப்படும். கடைசிச் சல்லடையின் கண் அரை மில்லிமீட்டர் அளவோ அதற்கும் சிறியதாகவோ இருக்கும். வேகமாகத் தண்ணீர் பாய்ச்சினால் பல் உடையும். மெதுவாகக் கழுவினால் நாள் போதாது. இரண்டுக்கும் நடுவே கை பழக வேண்டும்.

காய்ந்த எச்சம் ஆய்வகத்துக்கு வந்ததும் சிறு தட்டில் மெல்லிய பரப்பாகத் தூவப்பட்டு இருவிழி நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படும். உதவியாளர் ஈரமான மென்தூரிகையின் நுனியால் துகள்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்ப்பார். மணல், இரும்புக் குண்டுமணி, நத்தை ஓடு, மீன் பல் எனக் கடந்து செல்லும்போது எனாமலின் பளபளப்பும் முகடுகளின் ஒழுங்கும் கண்ணில் படும். பல நாட்கள் எதுவுமே கிடைக்காமல் போவது இயல்பு. கிடைத்த பல்லை ஊசி முனையில் மெழுகு வைத்து நிறுத்தி, எண் கொடுத்து, பதிவேட்டில் எழுதி, மின்னணு நுண்ணோக்கியில் படமெடுக்க வேண்டும். தூரிகையிலிருந்து தெறித்துத் தரையில் விழுந்த ஒரு மில்லிமீட்டர் பல்லை மீட்பது அரிது.

ஒரு மூட்டை முடிந்து அடுத்த மூட்டையைத் தொடும் முன் சல்லடை, வாளி, தட்டு, தூரிகை அனைத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும். முந்தைய களத்தின் ஒரு துகள் சல்லடைக் கண்ணில் சிக்கியிருந்தால், அது கோடிக்கணக்கான ஆண்டுகளைத் தாண்டி வேறொரு காலத்துக்குள் நுழைந்துவிடும். இந்த எச்சரிக்கை எவ்வளவு பெரியது என்பதை அண்மைக்கால மறுஆய்வு ஒன்று உணர்த்தியது.

டிக்கிதீரியம்: ஒரு பல்லின் கதை

மத்தியப் பிரதேசத்தின் டிரையாசிக் காலத்து டிக்கி படிவத்திலிருந்து கிடைத்த ஒரே ஒரு மேல் கடைவாய்ப்பல்லை 2005இல் தத்தா ‘டிக்கிதீரியம் கோபேய்’ என்ற பெயரில் விவரித்தார். அகன்ற அமைப்புடைய அப்பல் உலகின் கவனத்தை ஈர்த்தது. உணவை வெட்டவும் நசுக்கவும் வல்ல சிக்கலான கடைவாய்ப்பல் எதிர்பார்த்ததைவிட வெகு முன்பே, 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே தோன்றிவிட்டது என்பது அதன் பொருள். பாலூட்டிகளின் தோற்றம் பற்றிய வரைபடங்களில் டிக்கிதீரியம் முக்கிய இடம் பெற்றது.

2024இல் அலெக்சாண்டர் அவெரியானோவ், லியோனிட் வொய்தா ஆகிய ரஷ்ய ஆய்வாளர்கள் அப்பல்லை மீண்டும் அலசினார்கள். அது டிரையாசிக் விலங்கின் பல் அல்ல, நியோஜீன் காலத்து மூஞ்சூறு ஒன்றின் பல் என்று முடிவு செய்தார்கள். நியோஜீன் தொடங்கி 2.3 கோடி ஆண்டுகளே ஆகின்றன. பிற்காலப் பல் ஒன்று பழைய படிவத்தின் மாதிரியில் கலந்திருக்க வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

ஒற்றைப் பல்லை நம்பிய முடிவுக்கு இணையாக இன்னொரு பல் இருந்திருந்தால் ஐயம் முன்பே எழுந்திருக்கும் அல்லது எழாமலே போயிருக்கும். எனினும் இந்த நிகழ்வை ஒருவரின் தோல்வியாகக் கொள்வதற்கில்லை. பல்லின் படங்களும் அளவுகளும் முறையாக வெளியிடப்பட்டிருந்ததால்தான் மறுஆய்வு சாத்தியமாயிற்று. தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றல் இத்துறைக்கு அத்தகைய பதிவுகளிலிருந்தே வருகிறது.

திறக்கப்படாத கற்கள்

ஆய்வகப் பணி தாமதமானால் கண்டுபிடிப்பும் தாமதமாகும் என்பதற்கு எடுத்துக்காட்டு ‘இந்தோஹியஸ்’. இது டைனோசர்கள் மறைந்த பின் வந்த இயோசீன் காலத்தைச் சேர்ந்தது. நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் ஜம்மு பகுதியின் காலாகோட்டில் சேகரித்த பற்களையும் தாடைத் துண்டுகளையும் கொண்டு 1971இல் இதற்குப் பெயரிட்டார். அவர் சேர்த்துவைத்த பாறைகளில் பல உடைக்கப்படாமலே இருந்தன. அவர் மறைந்த பின் துணைவியார் அவற்றைப் பாதுகாத்து, ஹான்ஸ் தேவிசென் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் பாறையை அகற்றிக்கொண்டிருந்தபோது தொழில்நுட்ப உதவியாளரின் கையில் ஒரு மண்டையோடு தற்செயலாக உடைந்தது. உள்ளே தெரிந்த செவியெலும்பின் தடித்த சுவர் திமிங்கிலங்களுக்கே உரிய அமைப்பாக இருந்தது. திமிங்கிலங்களின் நெருங்கிய நிலவாழ் உறவு இவ்விலங்கு என்ற ஆய்வு 2007இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

சென்னையும் தமிழகமும்

சென்னை கே.கே. நகரில் நிலத்தைத் தோண்டினால் ஆதிப் பாலூட்டி கிடைக்காது. அருகில் ஓடும் அடையாறு கொண்டுவந்த வண்டலும், ஆழத்தில் பழம்பாறைகளும் உள்ள நிலம் அது. சில கிலோமீட்டர் தெற்கே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தலைகாட்டும் சார்னோகைட் பாறை பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தில் உருவானது. உயிரெச்சம் அதில் தங்க வழியில்லை. பல்லாவரத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்தது பழங்கற்காலக் கோடரி. திருப்பெரும்புதூர்ப் பகுதிப் படிவுகள் டைனோசர் காலத்தவை என்றாலும் அவற்றின் புகழ் தாவரப் புதைபடிவங்களால் வந்தது.

தமிழகத்தில் டைனோசர் காலத்து முதுகெலும்பிகளைத் தேடுபவர்கள் செல்லும் இடம் அரியலூர் மாவட்டத்தின் கல்லமேடு. இங்கே கிடைத்த மிகப் பெரிய எலும்புகளுக்கு 1980களின் இறுதியில் ‘புருஹத்காயோசாரஸ் மாட்லேயி’ என்று பெயரிட்டவர்கள் யாதகிரியும் கே. அய்யாசாமியும். கோட்டாவில் மில்லிமீட்டர் பற்களை விவரித்த அதே யாதகிரி, இங்கே இந்தியாவின் மாபெரும் விலங்குகளில் ஒன்றுக்குப் பெயரிட்டார். ஆனால் அந்த எலும்புகள் நிலைக்கவில்லை. நொறுங்கும் தன்மையுடன் இருந்த அவை சிதைந்து போயின. களத்தில் எடுக்கப்பட்ட புகைப்படங்களை அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் 2022இல் வெளியிட்டதால்தான் அவ்விலங்கு பற்றிய விவாதம் மீண்டும் உயிர்பெற்றது.

அதே கல்லமேட்டிலிருந்து அஞ்சலி கோஸ்வாமி, பிரசாத் முதலியோர் 2013இல் வெளியிட்ட ட்ரூடோன்டிட் வகை டைனோசர் எச்சம் ஒரு சிறு பல். பேரெலும்பு அழிந்த இடத்தில் சிறுபல் தப்பியிருக்கிறது. இத்துறைக்கு வர விரும்பும் சென்னை மாணவர்களுக்கு கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் நிலவியல் துறைகளும், கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரியின் நிலவியல் துறையும் உள்ளன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் அரியலூர் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திலும் மாதிரிகளை நேரில் பார்க்கலாம்.

பெயரும் பங்கும்

ஒரு புதிய விலங்கின் அறிவியல் பெயரோடு அதை விவரித்தவரின் பெயரும் ஆண்டும் என்றென்றும் ஒட்டியிருக்கும். மண் சுமந்தவர், கழுவியவர், துகள் பொறுக்கியவர் ஆகியோரின் பெயர் கட்டுரையின் இறுதியில் உள்ள நன்றிக் குறிப்பில் வரும். சில நேரம் அங்கும் வராது. ஃபிரான்சிஸ் மசெட்டின் பெயர் 1958, 1973, 1981 ஆகிய ஆண்டுகளின் முக்கியக் கட்டுரைகளில் கெர்மாக்குக்கு அடுத்து ஆசிரியர் வரிசையில் நிற்பது இந்த வழக்கத்துக்கு நல்ல மாற்று. துண்டுகளைப் பொருத்துவதும் அவற்றின் பொருளை அறிவதும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்பதை அது ஏற்கிறது.

இது நன்றியுணர்வு பற்றிய கேள்வி மட்டுமல்ல. ஒரு மாதிரியை யார் எடுத்தார், யார் கழுவினார், எந்த நாளில் எந்தத் தட்டிலிருந்து பல் பொறுக்கப்பட்டது என்ற விவரம் பெயரோடு பதிவாகியிருந்தால், பிற்காலத்தில் ஐயம் எழும்போது அந்தத் தடத்தைப் பின்பற்றிச் சரிபார்க்க முடியும். ஒற்றைப் பல்லை ஆதாரமாகக் கொண்ட ஒரு துறையில் உதவியாளரின் குறிப்பேடும் அந்தப் பல்லைப் போலவே பாதுகாக்க வேண்டிய சான்று.